கோயில் தெரிந்தவர்கள் மட்டும் சொல்லவும்

காஞ்சிபுரத்தில் கால் வைத்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் எஸ்தர் சொன்னது சரி என்று தெரிந்துவிட்டது. பெரிய சக்கரம் வைத்த நாற்காலியைக் கொண்டுவராதீர்கள், அது ஆட்டோவில் ஏறாது, சின்னதாக ஒன்று இங்கேயே வாடகைக்குக் கிடைக்கும் என்று எழுதியிருந்தாள். நான் கொண்டுவந்திருந்தேன். மலேசியாவில், ஈப்போவில், எங்கள் வேனின் பின்கதவைத் திறந்து, பலகையைச் சாய்த்து வைத்து, அப்பாவோடு சேர்த்து உள்ளே தள்ளிவிடுகிற நாற்காலி அது. சென்னையிலிருந்து வந்த வாடகைக் கார் ஊர் எல்லையிலேயே மக்கர் பண்ணி நின்றுவிட, ஓட்டுநர் எங்களைச் சாலையோரம் இறக்கிவிட்டு, போகிற ஆட்டோ ஒன்றைக் கைகாட்டி நிறுத்தினார்.

ஆட்டோக்காரர் நாற்காலியை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தார்.

"இன்னாமா இது, தேராட்டம் இருக்குது. இத்த எங்க வெச்சிக்கினு போறது?"

"மேலே கட்ட முடியாதா?"

"கட்டலாம். உழுந்தா நம்மள கேக்கக் கூடாது."

அப்பா அதற்குள் ஆட்டோவில் ஏற்றப்பட்டிருந்தார். "என்னைக் கட்டாம விட்டாச் சரி" என்றார். அவருக்கு எழுபத்தெட்டு வயது. பக்கவாதத்தில் இடது கால் போய்விட்டது, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

சின்ன காஞ்சிபுரத்துக்குள் நுழைகிற வேகத்தடையில் தலைக்கு மேல் ஒரு சத்தம் கேட்டது. நாற்காலி தப்பித்தது. இடது காலை வைக்கிற பலகை மட்டும் கழன்று சாலையில் விழுந்து, பின்னால் வந்த லாரியின் கீழே அப்பளமாகிவிட்டது. அன்றிலிருந்து நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் அப்பாவின் இடது கால் பிடிப்பில்லாமல் தொங்கியது. ஆட்டோக்காரர் என்னைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. அவர்தான் முன்னாலேயே சொல்லிவிட்டாரே.

எஸ்தர் யார் என்று சொல்ல வேண்டும். அவளிடம் நான் எப்படி நடந்துகொண்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். அதை விட்டுவிட்டு இட்லியையும் கோபுரத்தையும் பற்றி மட்டும் எழுதினால் இந்தக் கட்டுரை வெறும் ஏமாற்று வேலை.

வெளிநாட்டுத் தமிழர்கள் பயணத்தைப் பற்றிக் கேட்டும் சொல்லியும் பழகுகிற இணைய மன்றம் ஒன்று இருக்கிறது. அதில் நான் பழைய ஆள். 'ஈப்போ மல்லி' என்ற பெயரில், எங்கள் பக்கம் வருகிறவர்களுக்குப் பதில் எழுதுவேன். கறாரான ஆள் என்று பெயரெடுத்தவள். "மலேசியா வருகிறேன், என்ன பார்க்கலாம்?" என்று மொட்டையாகக் கேட்டால் விடமாட்டேன். யார் யார் வருகிறீர்கள், எந்த மாதம், எவ்வளவு நடக்க முடியும், ஏற்கெனவே எதைப் படித்தீர்கள் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள் என்பேன். ஒரே கேள்வியை ஊரெல்லாம் போடாதீர்கள் என்பேன். திரும்பிப் போனதும் எப்படி இருந்தது என்று வந்து சொல்லுங்கள், பதில் சொல்கிறவர் உங்கள் வீட்டு வேலைக்காரர் இல்லை என்பேன். இதையெல்லாம் சேர்த்து 'கேள்வி கேட்பது எப்படி' என்று நான் எழுதிய குறிப்பைத்தான் மன்றத்தின் முகப்பில் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

அந்தக் குறிப்பில் ஒரு வரி: 'பதிலைப் பாருங்கள், பதில் சொல்கிறவர் யார் எவர் என்று துருவாதீர்கள்.' அது சும்மா வந்த வரி அல்ல. ஒருமுறை தென்னாப்பிரிக்காவின் டர்பன்காரர் ஒருவர் ஈப்போவில் தவ்கே கோழி எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்டார். முளைப்பயறு வைத்துத் தருகிற கோழிச் சோறு, எங்கள் ஊரின் பெருமையே அதுதான். எழுதினேன். "சீனர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்களேன்" என்று பதில் வந்தது. பல் முளைத்த நாளிலிருந்து அந்தக் கோழியைத் தின்கிறவள் நான். அன்று வந்த கோபத்தில் எழுதிய வரி அது.

அப்படிப்பட்ட நான் இந்தப் பயணத்துக்காக மன்றத்தில் ஒரு கேள்வி போட்டேன். என் குறிப்பின்படியே ஒழுங்காகப் போட்டேன். அப்பாவுக்கு அடுத்த மாதம் இருதயத்தில் அறுவைச் சிகிச்சை. டாக்டர் அரைமனதோடுதான் பயணத்துக்குத் தலையாட்டினார். அதற்கு முன் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. ஏன் அந்தப் பெருமாள் என்று கேட்டால், "எங்கப்பா சொல்லிக்கிட்டே இருப்பாரு" என்பதற்கு மேல் சொல்லமாட்டார். சக்கர நாற்காலியோடு மூலவரைப் பார்க்க வழி உண்டா? இதுதான் என் கேள்வி.

அன்றே பதில் வந்தது. "மூலவர் மேலே இருக்கிறார். படிகளில் நாற்காலி ஏறாது. தூக்கிப் போகிறோம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள், ஆபத்து. நீங்கள் தங்குகிற மூன்றாவது நாள் ஏகாதசி. சாயங்காலம் பெருமாள் வெளியே வருவார். சன்னதித் தெருவில் தையல் கடை முன்னால் அப்பாவை உட்கார வையுங்கள். தெருவிலேயே நன்றாகப் பார்க்கலாம்." அதன் பிறகு நாற்காலி, ஆட்டோ, கழிப்பறை என்று விவரங்கள். கீழே பெயர்: எஸ்தர், முசரவாக்கம், காஞ்சிபுரம் அருகில்.

தெருவிலேயே என்ற இடத்தில் எனக்குச் சுருக்கென்றது. கடல் தாண்டி, டாக்டரிடம் மல்லுக்கட்டி அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருவது தெருவில் உட்கார வைப்பதற்கா? கோபம் முதலில் தெருவின் மேல்தான் வந்தது. பிறகு மெல்ல நகர்ந்து அந்தப் பெயரின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. இவளுக்குப் பெருமாளைப் பற்றி என்ன தெரியும் என்று தோன்றியது. அப்படித்தான் தோன்றியது, நாகரிகமாகச் சொல்ல வேறு வார்த்தை இல்லை. உடனே எழுதினேன்: "தெருவில் நின்று பார்த்துவிட்டுப் போக நாங்கள் மலேசியாவிலிருந்து வரவில்லை. கோயில் தெரிந்தவர்கள் மட்டும் சொல்லவும்."

கொஞ்ச நாள் கழித்து ரங்கநாதன் என்பவர் எழுதினார். சின்ன காஞ்சிபுரத்தில் சன்னதித் தெருக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர். ஏகாதசியன்று பெருமாள் வீதியில் எழுந்தருளுவார், தையல் கடை வாசலில் இருந்தால் திருமுகத்தை நேருக்கு நேர் சேவிக்கலாம், வாருங்கள் என்றார். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. "மிக்க நன்றி ஐயா, இதைத்தான் எதிர்பார்த்தேன்" என்று எழுதினேன். அதே தெரு, அதே தையல் கடை. எனக்கு உறைக்கவில்லை. உறைக்க நான் விடவில்லை என்பதுதான் நிஜம்.

முதல் நாள் மாலை எங்கும் போகவில்லை. விடுதிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சின்னக் கடையில் கோயில் இட்லி கிடைத்தது. ஈப்போவில் காஞ்சிபுரம் இட்லி என்று விற்பது கேரட் தூவிய சாதாரண இட்லிதான் என்பது அன்று தெரிந்தது. இங்கே மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் உயரமாக வேகவைத்து, வட்டம் வட்டமாக வெட்டித் தருகிறார்கள். மிளகும் சுக்கும் தொண்டை வரை போய் விசாரிக்கின்றன. அப்பா இரண்டு துண்டு தின்றார். காப்பி மட்டும் அவருக்குப் போதவில்லை. எங்கள் ஊர் வெள்ளைக் காப்பிக் கோப்பையோடு ஒப்பிட்டால் இங்கே தம்ளரில் வருவது இரண்டு மடக்கு. "ருசி பாக்கறதுக்குள்ள தீந்துபோவுது" என்று இன்னொன்று சொன்னார்.

இரண்டாம் நாள் காலை என் தங்கை மகளுக்குப் புடவை எடுக்கப் போனோம். வீட்டோடு சேர்ந்த கடை. உள்ளறையில் தறிச்சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைக்காரர் புடவைகளை எடுக்கப் போனபோது அவர் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கணவரிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். அப்பா சிரித்துக்கொண்டே தெலுங்கில் பதில் சொன்னார். கடையே கப்சிப் என்றாகிவிட்டது. அப்பா வளர்ந்த ரப்பர் எஸ்டேட்டில் பக்கத்து லயத்து வீட்டுக்காரர்கள் தெலுங்கர்கள் என்பதால் அவருக்கு அந்த மொழி தண்ணீர் பட்ட பாடு.

வெளியே வந்ததும் என்ன பேசினார்கள் என்று கேட்டேன். "'இந்தம்மாவப் பாத்தா வாங்கற மூஞ்சியாத் தெரியல, மேல் அடுக்கைப் பிரிக்காதே'ன்னா அந்தப் பொண்ணு. 'பிரிம்மா, மூஞ்சியப் பாத்து அளக்காதே'ன்னேன்" என்றார் அப்பா. எனக்கு முகம் சிவந்துவிட்டது. மூஞ்சியைப் பார்த்து அளக்கிறார்களே என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தேன். அந்த நேரத்தில்கூட எஸ்தர் நினைவுக்கு வரவில்லை.

அங்கிருந்து நேராகக் கோயிலுக்குப் போனோம். நாளை வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. வழி இருக்கத்தான் செய்யும், கேட்கிற விதத்தில் கேட்டால் கிடைக்கும் என்று நினைத்தேன். ஈப்போவில் எங்கள் கோயிலில் வேனைக் கொடிமரம் தெரிகிற தூரம் வரை கொண்டுபோகலாம். இங்கே நடை சாத்துகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வெயிலில் கருங்கல் தகித்தது. கால் மாற்றிக் கால் வைத்து நாற்காலியைத் தள்ளினேன். அப்பாவின் இடது கால் தொங்கித் தொங்கி, கல் இடுக்குகளில் இடித்துக்கொண்டே வந்தது.

படிகளுக்கு முன்னால் நின்றோம். எஸ்தர் எழுதியது எழுதியபடியே இருந்தது. யாரும் தடுக்கவில்லை, யாரும் விரட்டவில்லை. படிகள் மட்டும் இருந்தன. தரிசனம் முடித்து இறங்கிய இரண்டு பேர் எங்கள் பக்கம் வந்தார்கள்.

"தூக்கிக்கினு போயிடலாம்மா. ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சா போதும்."

நான் சரி என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பா கையைக் காட்டித் தடுத்துவிட்டார். "வேணாம்பா. ரொம்ப சந்தோசம். நீங்க போங்க."

அவர்கள் போனதும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "இவ்வளவு தூரம் வந்துட்டு, கீழயே உட்கார்ந்து திரும்பிப் போறதாப்பா?"

"எவ்ளோ தூரம் வந்துட்டோம்னு உனக்குத் தெரியல மல்லி" என்றார் அப்பா. மேலே படிகளைப் பார்த்தபடியே பேசினார். "உங்க தாத்தா ஊரு மாகறல். இங்கேருந்து கிட்டதான். வருசா வருசம் கருட சேவைக்கு ஊரே நடந்து வருமாம். இவரும் சின்னப் பிள்ளையா வருவாராம். கோயிலுக்குள்ள இல்ல. நம்ம ஆளுங்கள அப்ப யாரு உள்ள விட்டா? தெருவுல, அதுவும் தூரமா நின்னு, சாமி கருடன் மேல வர்றதப் பாத்துட்டுப் போயிடுவாங்க. அந்தக் கதையைத்தான் எஸ்டேட்ல பால்மரம் வெட்டிக்கிட்டே எங்கிட்ட சொல்லுவாரு. இந்தக் கல்லு மேல அவரு கால் பட்டதே இல்ல."

நான் கேள்வி எழுதியபோது இது எனக்குத் தெரியாது. மாகறல் என்ற பெயரைக்கூட அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். ஆனால் தெரியாது என்பதால் நான் எழுதிய வரி இல்லாமல் போய்விடுமா? தெருவில் நின்று பார்க்க நாங்கள் வரவில்லை என்று எழுதியிருந்தேன். என் தாத்தா பார்த்த பெருமாள் தெருவில் பார்த்த பெருமாள்தான். கோயில் தெரிந்தவர்கள் மட்டும் என்று எழுதியிருந்தேன். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் அவரைத் தெருவிலேயே நிறுத்தியிருப்பார்கள். கன்னத்தில் யாரோ அறைந்த மாதிரி இருந்தது. அப்பாவிடம் அந்த வரியைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. நாற்காலியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் நாள் ஏகாதசி. இன்று மாலையும் அப்பா பார்க்க முடியாமல் போனால் இனி ஒரு தடவை கிடையாது. பகல் முழுக்க விடுதி அறையிலேயே இருந்தோம். வெயில் இறங்கியதும் சன்னதித் தெருவுக்குப் போனோம். தையல் கடை எது என்று தேட வேண்டியிருக்கவில்லை. வாசலில் ரங்கநாதன் சார் எங்களுக்காகவே நின்றுகொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், நெற்றியில் பளிச்சென்று நாமம்.

"வாங்கோ வாங்கோ. இவர்தான் அப்பாவா? நன்னா உட்காருங்கோ. இது எங்க அம்மா" என்று பக்கத்தில் இன்னொரு சக்கர நாற்காலியில் இருந்த தொண்ணூறு வயது மூதாட்டியைக் காட்டினார். சின்னச் சக்கர நாற்காலி. "ஏகாதசிக்கு ஏகாதசி அம்மா இங்கதான் சேவிக்கறா. முன்னாடியெல்லாம் ஆத்து வாசல்லேந்து பார்ப்பா. கூட்டத்துல ஒண்ணும் தெரியாது. எஸ்தர்தான் இந்த இடத்தைக் கண்டுபிடிச்சா."

"எஸ்தரா?" என்றேன்.

"அம்மாவுக்கு பிசியோதெரபி பண்றவ. நீங்க கேட்ட கேள்விக்கும் அவளைக் கேட்டுத்தான் எழுதினேன்." சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவ எழுதினதுக்கு நீங்க எழுதின பதிலைப் படிச்சேன். திரும்ப அவ பேரைப் போட்டா நீங்க கேக்க மாட்டேள்னு தோணித்து. அதனால போடலை. போட்டிருக்கணும். அது என் தப்பு."

மூதாட்டியின் நாற்காலிக்குப் பின்னால் குனிந்து போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். பருத்திச் சுடிதார், கையில் கடிகாரம், தோளில் ஒரு பெரிய பை.

"சார், இவங்கதான் ஈப்போ மல்லியா?" என்று அவரிடம் கேட்டாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். மன்னிப்பு என்ற சொல்லில்தான் தொடங்கியிருப்பேன். அவள் அதைக் காதில் வாங்காமல் அப்பாவின் தொங்குகிற காலைப் பார்த்தாள்.

"ஃபுட்ரெஸ்ட் இன்னா ஆச்சு?"

"ஆட்டோவிலிருந்து விழுந்துடுச்சு."

"அதான் எழுதியிருந்தேனே" என்றாள். அவ்வளவுதான். பையிலிருந்து அகலமான பட்டை ஒன்றை எடுத்து, நாற்காலியின் இரண்டு பக்கக் குழாய்களிலும் கோத்து, அப்பாவின் காலை அதில் ஏற்றி வைத்தாள். "வலிக்குதாப்பா? ரொம்ப நேரம் தொங்கிக்கினு இருந்தா வீங்கிடும்." அப்பா அவளுடைய தலையைத் தொட்டு ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை.

தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டது. எஸ்தர் இரண்டு நாற்காலிகளையும் கொஞ்சம் சாய்வாகத் திருப்பி, சக்கரங்களுக்குப் பூட்டுப் போட்டாள். முன்னால் வந்து நின்ற பெண்களிடம், "கொஞ்சம் இப்படி வந்துடுங்கமா, பின்னால உக்காந்துக்கினு இருக்காங்க" என்றாள். அவர்கள் நகர்ந்தார்கள். முதலில் பாசுரம் சொல்கிறவர்கள் இரண்டு வரிசையாக வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் தீவட்டி, வெள்ளைக் குடை, பெருமாள். தோளில் சுமந்து வந்தவர்கள் சரியாகத் தையல் கடைக்கு நேரே நின்றார்கள். ஒரு பக்கத்துக்காரர்கள் மறுபக்கம் மாறித் தோள் கொடுத்தார்கள். அந்த இடைவேளையில் பெருமாள் அசையாமல் எங்களுக்கு நேர் எதிரே இருந்தார். அப்பாவுக்கும் அவருக்கும் நடுவில் யாரும் இல்லை.

அப்பா கும்பிடவில்லை. வலது கையால் நாற்காலியின் பிடியைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பெருமாள் நகர்ந்து குடை மட்டும் தெரிகிற தூரம் போன பிறகுதான் கையெடுத்துக் கும்பிட்டார்.

"எங்கப்பா தூரமா நின்னு பாத்தாரு. நான் கிட்ட, அதுவும் நாற்காலி போட்டு உக்காந்து பாத்துட்டேன்" என்றார். பிறகு வாய்விட்டு அழுதார்.

கூட்டம் கலைந்ததும் நான் எஸ்தரிடம் போனேன். இந்த முறை அவள் நின்றாள்.

"சாமி இங்க நிக்கும்னு எப்படித் தெரியும்?" நான் கேட்க வந்தது இது இல்லை. கோழைத்தனத்தில் இதைக் கேட்டேன்.

"சாமியத் தூக்கறவங்க தோள் வலிக்கு எங்கிட்டதான் வருவாங்க. எங்க தோள் மாத்துவீங்கன்னு கேட்டேன், சொன்னாங்க. கோயிலு எனக்குத் தெரியாதுதான் மேடம். சாமியத் தூக்கறவங்க தோளு தெரியும்."

"நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது."

"ஆமா" என்றாள். "கோவம் வந்துச்சு. கொஞ்ச நாள் மன்றத்துப் பக்கமே போவல. அப்புறம் சார் போன் பண்ணிக் கேட்டாரு. அதே ஆளுதான்னு தெரிஞ்சிக்கினுதான் சொன்னேன். உங்களுக்கு இல்ல, உங்க அப்பாவுக்கு."

தலையை ஆட்டினேன். எங்கள் தாத்தாவும் மாகறல்தான் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். நாங்களும் உங்கள் பக்கத்து ஆட்கள்தான் என்று இப்போது போய் ஒட்டிக்கொண்டால் அது மன்னிப்பு கேட்பது ஆகாது, தப்பித்துக்கொள்வது ஆகும். நேற்றுவரை அந்த ஊரின் பெயரே தெரியாதவள் நான்.

நான்காம் நாள் காலையில் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தபோது விடுதி வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. சார் கேட்டுக்கொண்டதால் அப்பாவின் காலைப் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தாள் எஸ்தர். வீக்கம் வடிந்திருந்தது. அப்பா அவளுக்கு ஒரு காப்பி வாங்கித் தரச் சொன்னார். கூடவே தனக்கும் இரண்டு சொன்னார்.

"எஸ்தர், அந்தத் திரியையே அழிச்சிடப் போறேன்" என்றேன். ஒரு கேள்வியும் அதன் கீழே வருகிற பதில்களும் சேர்ந்ததைத்தான் மன்றத்தில் திரி என்போம். எழுதி ஒரு நாள் கழிந்துவிட்டால் எழுதியதைத் திருத்த முடியாது. திரியைத் தொடங்கியவர் வேண்டுமானால் முழுத் திரியையும் அழிக்கலாம். முந்தின நாள் இரவே அந்தப் பொத்தானைத் தேடிப் பார்த்து வைத்திருந்தேன். "நான் எழுதினது யார் கண்ணுலயும் படக் கூடாது."

எஸ்தர் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"அழிச்சா கீழ இருக்கற பதிலும் பூடும்ல?"

"ஆமா."

"அப்ப வேணாம். நாளைக்கு வேற யாராவது அவங்க அப்பாவ இட்டுக்கினு வருவாங்க. தேடுவாங்க. அது அங்க இருக்கட்டும்."

"நான் எழுதின வரி?"

"அதுவும் இருக்கட்டும்" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. சமாதானமும் இல்லை. "அடுத்த பேஷண்ட்டு வெயிட் பண்ணிக்கினு இருக்காங்க" என்று ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

ஈப்போ திரும்பியதும் முதல் வேலையாக என் குறிப்பை மன்றத்தின் முகப்பிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். பிறகு அந்தத் திரியில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். முதலில் பதில் சொன்னவர் எஸ்தர், அவர் சொன்னது அத்தனையும் சரி, நான் எழுதியது அசிங்கம் என்று எழுதினேன். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது ஒரு நாளைக்கு ஒரு காப்பிதான் என்று டாக்டர் உத்தரவு போட்டதில் அவருக்குத் தீராத வருத்தம்.

போன வாரம் அந்தத் திரியில் புதிதாக ஒருவர் எழுதியிருந்தார். பினாங்குக்காரப் பெண். நடக்க முடியாத அம்மாவோடு காஞ்சிபுரம் போய்வந்தாராம். தையல் கடை வாசலில் உட்கார்ந்து அம்மா பெருமாளைப் பார்த்தாராம். எஸ்தருக்கு நன்றி, முதலில் இந்தக் கேள்வியைக் கேட்ட ஈப்போ அக்காவுக்கும் நன்றி என்று முடித்திருந்தார். என் வரியைப் படித்துத் தாண்டித்தான் அவர் அதை எழுதியிருக்க வேண்டும். அந்த நன்றியை என்ன செய்வது என்று தெரியாமல் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தேன்.

"என்னம்மா?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லப்பா. பினாங்குலேருந்து போனவங்க ஒருத்தங்க பெருமாளைப் பார்த்துட்டாங்களாம்."

"தெருவுலயா?"

"ஆமாப்பா. தெருவுலதான்" என்றேன்.